நாலு மணி மாத்திரை

பாடப்புத்தகங்களுக்குப் படம் போடுவது அவள் பிழைப்பு. இரைப்பை, சிறுகுடல், பூவின் குறுக்குவெட்டுத் தோற்றம், மழை எப்படிப் பெய்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் மேகம், இப்படிப் பத்து வருடமாக வரைந்து தள்ளியிருந்தாள். ஐந்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அவள் போட்ட தவளை அவ்வளவு நன்றாக அமைந்துவிட, பதிப்பகத்தில் 'தவளை மேடம்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அவளுடைய அக்கா முப்பத்தாறு வயதில் இறந்துபோனாள். ரத்தத்தில் வந்த நோய். ஒன்றரை வருடம் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்து, கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எல்லாம் முடிந்துபோயிற்று. அக்காவுக்கு எட்டு வயதில் ஒரு பெண். தெருவே அவளைச் சுண்டு என்றுதான் கூப்பிடும். பிறந்தபோது ஆள் சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் நடுவழியில் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினாலும் அவருக்குத்தான் போன் வரும். இன்ன நேரத்துக்குப் போவார், இன்ன நேரத்துக்கு வருவார் என்று கிடையாது.

"கொஞ்ச நாள் இங்க வந்து குழந்தையப் பாத்துக்கறியா?" என்று அத்தான் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. இரண்டு பையும் வரைபலகையுமாக வந்து இறங்கினாள். கல்யாணம் காட்சி எதுவும் ஆகாதவள். போகாதே என்று சொல்ல ஆளில்லை. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து அறையில், ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொண்டாள்.

சுண்டு அழவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், வீட்டுப்பாடம் எழுதினாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கன்னத்தைத் தடவி "பாவம், ஒண்ணும் புரியாத வயசு" என்றால், கன்னத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேசைக்கடியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. சித்தி வரைவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். தரைவரைக்கும் தொங்கும் மேசை விரிப்புக்குள் ஒரு ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. நீலக் கட்டம் போட்ட உறையோடு அக்காவின் தலையணை படுத்திருந்தது. மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. சுண்டு ஐஸ்கிரீம் குச்சியைத் தலையணைக்குள் செருகி, எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நூத்தி ரெண்டு. நேத்துக்கு இன்னிக்குப் பரவால்ல. வாயத் தொறங்க."

சட்டைப் பொத்தான் ஒன்று மாத்திரையாக உள்ளே போயிற்று. பிறகு, சித்தி கசக்கிப் போட்ட அச்சுத்தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டாள். நோயாளியின் அட்டவணை அது. முன்பக்கம் தவளை நீந்திக்கொண்டிருந்தது.

சித்தி உடனே எழுந்து போய்க் குழந்தையை அள்ளி அணைத்துக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து "நோயாளிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கலாம். அவள் பென்சிலை எடுத்தாள்.

கை தானாக ஓடியது. விரிப்பின் மடிப்பு, உள்ளே குனிந்திருக்கும் இரட்டைப் பின்னல், வெளியே நீண்டிருக்கும் ஒரு குதிகால். பத்து வருடத்தில் எவரோ சொன்னதைத்தான் வரைந்திருந்தாள். சொந்தமாக ஒரு படம்கூட இல்லை. இதுதான் முதல். அழுகை வர வேண்டிய இடத்தில் படம் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

அன்றிலிருந்து தினம் அது நடந்தது. பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். சுண்டு வீட்டுக்கு நடந்து வரமாட்டாள், ஓடித்தான் வருவாள். புத்தகப்பையை விட்டெறிவாள், கைகால் கழுவுவாள், நேரே மேசைக்கடியில். சித்தி அதற்குள் வரைபலகையைத் திருப்பி வைத்துக்கொண்டு தயாராக இருப்பாள். நடுவில் ஒருநாள் விரிப்புக்கு வெளியே தலை மட்டும் நீண்டது.

"என்ன சித்தி வரையற?"

"இரைப்பை."

"இவ்ளோ நாளாவா?"

"பெரிய இரைப்பைடி."

தலை உள்ளே போய்விட்டது. சித்திக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கை நிற்கவில்லை.

ஆறேழு மாதத்தில் பதினோரு ஓவியங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாமே பெரிய அளவு, வண்ணத்தில். புத்தகக் கடை ஒன்றின் மாடியில் ஓவியக்கூடம் நடத்தும் அம்மாள் வந்து பார்த்தாள். அத்தானும் சுண்டுவும் இல்லாத நேரமாகத்தான் சித்தி வரச்சொல்லியிருந்தாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள்.

"ஒரு குழந்தை சாவ எப்படித் தாங்கிக்குதுன்னு மொத்தமும் இதுல இருக்கும்மா. ஒரு வார்த்தைகூட வேண்டாம். குழந்தையோட அப்பாவுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள் சித்தி.

வாயிலிருந்து அது வந்த வேகம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தானிடம் அவள் சொன்னது, "நான் போட்ட படத்தையெல்லாம் கண்காட்சியா வைக்கிறாங்க" என்பது மட்டும்தான். அவர் தவளையும் இரைப்பையும் என்றே நினைத்துக்கொண்டார். "உங்கக்கா இருந்திருந்தா ஊரக் கூட்டியிருப்பா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கண்காட்சி பத்தே நாள்தானே, அவருக்கு எங்கே நேரம் இருக்கப்போகிறது, முடிந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அத்தான் மூன்றாம் நாளே வந்தார். அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, விரலிடுக்கில் இருந்த மசகைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, சித்திக்குத் தெரியாமல் போய் நின்று சந்தோஷப்படுத்த வேண்டும் என்று வந்தார். சுண்டுவைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து நேரே கூட்டிவந்திருந்தார். அவள் "மொதல்ல வீட்டுக்குப் போலாம்ப்பா, வீட்டுக்குப் போலாம்ப்பா" என்று வழியெல்லாம் கையைப் பிடித்து இழுத்ததை, பசிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கிக் கொடுத்திருந்தார்.

மாடிப்படியில் அந்தத் தலைகள் தெரிந்தபோது சித்தி யாரோ ஒரு பேராசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் மறித்து, "இன்னிக்கு மூடியாச்சு" என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தாள். அதற்குள் அத்தான் முதல் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

அவர் சிரிப்போடுதான் நின்றார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே செத்துப்போனதைச் சித்தி பார்த்தாள். மேசை, விரிப்பு, நீலக் கட்டம் போட்ட தலையணை. அந்தத் தலையணையைத்தான் அவர் தினமும் படுக்கப் போகும்போது தேடுவார். குழந்தை எடுத்துப்போயிருக்கும் என்று விட்டுவிடுவார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்ததை உதடு அசையப் படித்தார்: 'குழந்தையும் மரணமும்: பதினோரு ஓவியங்கள்'.

சுண்டு ஒவ்வொரு படமாக நடந்தாள். சீருடையும் முதுகில் பையுமாக ஒரு குழந்தை, படத்தில் இருக்கும் அதே இரட்டைப் பின்னலோடு நடப்பதைப் பார்த்து, இருந்த நாலைந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ மெதுவாக, "இந்தக் குழந்தைதானா?" என்றார்கள்.

கடைசியாக இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. மேசைக்கடியில் குழந்தை, மேலே சுவரில் கடிகாரம், ஜன்னல் வெளிச்சம் கடிகாரக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது. சுண்டு நிமிர்ந்து நிறைய நேரம் பார்த்தாள். சித்தி பக்கத்தில் போய் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"சுண்டு... கோவமா?"

"மணி தப்பு" என்றாள் சுண்டு.

"என்னது?"

"பத்து பத்துன்னு போட்டிருக்க. மாத்திரை நாலு மணிக்குத்தான குடுக்கணும்?"

படத்தில் கடிகாரம் என்றால் பத்து மணி பத்து நிமிடம் போடுவது சித்தியின் தொழில் பழக்கம். முள் இரண்டும் சிரிக்கிற மாதிரி விரிந்து அழகாக இருக்கும். "அது சும்மா... அழகுக்காகடா" என்று இழுத்தாள்.

"அப்ப இதுல இன்னும் குடுக்கவே இல்லியா?" குழந்தையின் குரல் ஏறியது. சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள். "இப்ப மணி என்னப்பா? அப்பா, மணி என்ன?"

அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலே முக்கால்."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் சித்திக்கு இன்றும் காது அடைக்கும். எட்டு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத குழந்தை, "லேட்டாயிடுச்சு, லேட்டாயிடுச்சு, வீட்டுக்குப் போணும்" என்று கூடமே அதிரக் கத்தியது. மூச்சு வாங்கியது. பை ஒருபக்கம், பிஸ்கட் ஒருபக்கம் சிதறியது. அத்தான் அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். சித்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போனபோது மேசைக்கடி காலியாக இருந்தது. தலையணை அத்தானின் கட்டிலுக்குத் திரும்பிவிட்டிருந்தது. பொத்தான்களெல்லாம் தையல் டப்பாவில். சுண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அத்தான் சமையலறை வாசலில் நின்றார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் உன்னக் குழந்தையப் பாத்துக்கச் சொன்னேன்" என்றார். "நீ பாத்துட்டு மட்டும் இருந்திருக்க."

அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே போய்ப் பதினோரு படங்களையும் இறக்கினாள். ஓவியக்கூடத்து அம்மாளுக்கு மனசே இல்லை. "ஜனங்க அழுதுட்டுப் போறாங்கம்மா, இப்பப் போய்..." என்றாள். "அவங்க அழட்டும்னு அவ விளையாடல" என்று சொல்லிவிட்டுப் படங்களைச் சாக்கில் சுற்றினாள் சித்தி. வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துச் சாத்தி வைத்தாள். அதனால் மனசில் ஒரு குந்துமணி பாரம்கூடக் குறையவில்லை.

விளையாட்டு நின்றுபோயிற்று. சுண்டு இப்போது பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தே வந்தாள். நாலு மணி ஆகும்போது மட்டும் எங்கே இருந்தாலும் கடிகாரத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். சோறு தட்டிலேயே காய்ந்தது. சித்தியிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஒன்பது நாள் இப்படிப் போயிற்று.

அந்த ஒன்பது நாளும் சித்தியின் மண்டையைக் குடைந்தது ஒரே கேள்விதான். நாலு மணி. ஏழு மாதமாக அந்தக் குழந்தை நாலு மணிக்காக ஓடி வந்திருக்கிறது. குதிகாலின் நிழல் எந்த நிறம் என்று அவளுக்குத் தெரியும். பின்னலில் எத்தனை முடி பிரிந்திருந்தது என்று தெரியும். ஏன் நாலு மணி என்று ஒருநாள்கூட அவள் கேட்கவில்லை.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பின்பக்கத்துத் துவைகல்லில் உட்கார்ந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுண்டு படியில் உட்கார்ந்து செருப்பு வாரைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"சுண்டு, நான் ஒரு தப்பு செஞ்சேன். படம் வரைஞ்சது இல்ல, அது வேற. இது அதுக்கு முன்னாடி."

செருப்புச் சத்தம் நின்றது.

"உங்கம்மா ஆஸ்பத்திரில இருந்த கடைசி வாரம், எனக்குப் போன் பண்ணா. ஒருதடவ வந்துட்டுப் போடின்னா. புத்தகம் அச்சுக்குப் போகுது, வேலை இருக்குன்னு சொல்லிட்டேன்."

"வேலை இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா அதுக்காக இல்ல. அதுக்கு முந்தின தடவ பாத்தப்ப அவ கை இத்தனூண்டு ஆயிருந்துச்சு. மறுபடி பாக்க பயமா இருந்துச்சு. அதான் போகல. திங்கக்கிழமை போலாம்னு இருந்தேன். அவ வெள்ளிக்கிழமையே போயிட்டா."

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அத்தானுக்கும் தெரியாது. எட்டு வயதுக் குழந்தையின் தலையில் இதைக் கட்டுவது நியாயமா என்று சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது. தண்ணீரில் நீலம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"நான் மாத்திரை குடுக்கல" என்றாள் சுண்டு.

சித்தி திரும்பாமலே கேட்டாள்.

"எந்த மாத்திரை?"

"நாலு மணி மாத்திரை. நீதான் என் நர்சுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. காலைலயும் ராத்திரியும் அப்பா. நாலு மணிக்கு நான். தினம் குடுத்துட்டு அட்டைல டிக் போடணும்." செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது. "பக்கத்து வீட்டுல பூனை குட்டி போட்டுச்சு. நாலு குட்டி. பாக்கப் போனேன். வரும்போது ஆறு மணி. அம்மா தூங்கிட்டு இருந்தாங்க. எழுப்பினா திட்டுவாங்கன்னு டிக் போட்டுட்டேன். மாத்திரைய எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். ரெண்டு நாள்ல அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அப்புறம் வரல."

சித்தி தூரிகையைக் கல்லில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் ஏழு மாதம் உட்கார்ந்து வண்ணம் தீட்டியது இதைத்தான். ஒரு குழந்தை துக்கத்தை எவ்வளவு அழகாகக் கடக்கிறது என்று ஊர் வியந்து பார்த்தது இதைத்தான். அது கடக்கவே இல்லை. தவறவிட்ட ஒரே ஒரு மாத்திரையைத் தினம் தினம் நேரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அந்த மாத்திரை எங்கடா இருக்கு?"

சுண்டு உள்ளே போய்ப் பழைய பென்சில் பெட்டியைக் கொண்டுவந்தாள். காகிதத்துக்குள் காகிதமாகப் பிரித்தாள். ஓரம் உதிர்ந்துபோன ஒரு வெளிர்மஞ்சள் மாத்திரை.

சித்தி அவளைக் கட்டிக்கொண்டாள். "இல்லடா, உன்னால இல்லடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சுண்டு மரக்கட்டை மாதிரி நின்றாள். இரைப்பை வரைகிறேன் என்று சொன்ன வாய் சொல்வதை அவள் ஏன் நம்ப வேண்டும்?

அன்று மத்தியானம் அத்தான் வந்ததும் சித்தி எல்லாவற்றையும் சொன்னாள், தான் ஆஸ்பத்திரிக்கு வராமலிருந்த காரணத்தையும் சேர்த்து. அத்தான் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் தெரியலையே" என்றார். "ஒரே வீட்டுலதான இருந்தேன்."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லி, மூன்று பேருமாக அக்காவைப் பார்த்த டாக்டரம்மாவிடம் போனார்கள். சாதாரண நோயாளிகள் மாதிரியே சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். டாக்டரம்மா பருத்த உடம்பு, மூக்குநுனியில் கண்ணாடி. விஷயத்தை அத்தான் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தார். ஆனாலும் டாக்டரம்மா சுண்டுவையே சொல்லவைத்து, பூனைக்குட்டி உட்பட முழுக்கக் கேட்டார். மாத்திரையை வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தார்.

"இது வயித்தெரிச்சலுக்கு" என்றார். "மத்த மாத்திரையெல்லாம் காரமா இருக்கும். வயிறு எரியாம இருக்க இது."

"இத ஒருநாள் சாப்பிடலன்னா?"

"ஏப்பம் வரும். புளிச்ச ஏப்பம். அவ்வளவுதான்."

சுண்டு அவரையே பார்த்தாள். பிறகு சித்தியைப் பார்த்தாள். "நிஜமாவா, இல்ல சித்தி இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பெரிய பதிவேட்டு அறையிலிருந்து அக்காவின் ஃபைலை வரவழைத்தார். பக்கத்தைப் புரட்டி, மாத்திரையின் பெயருக்கு எதிரே 'வயிற்றெரிச்சலுக்கு' என்று தன் கையெழுத்தில் இருந்ததைக் காட்டினார். சுண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இங்க பாரு, இன்னொண்ணும் எழுதியிருக்கேன். 'மாத்திரைகளை அடிக்கடி தவிர்க்கிறார்.' உங்கம்மா பண்ற வேலை. கசக்குதுன்னு வாய்ல ஒதுக்கிவெச்சுத் துப்பிடுவாங்க. நான் எத்தன தடவ சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? நீதான் ஒழுங்கா டிக் போட்ட நர்சு."

"அப்ப அம்மா ஏன் செத்தாங்க?"

"நோய் எங்க மருந்தவிடப் பலமா இருந்துச்சு. நாங்க எல்லாரும் நேரத்துக்குத்தான் குடுத்தோம். போதல."

சுண்டு ஃபைலை மூடி டாக்டரம்மா பக்கம் நகர்த்தினாள். "மாத்திரைய நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். டாக்டரம்மா அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

அழுகை அங்கே வரவில்லை. பேருந்தில் வரும்போது, ஒன்றுமில்லாத ஒரு நிறுத்தத்தில் வந்தது. அப்பாவின் சட்டையைப் பற்றிக்கொண்டு அழுதாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, பல் வலியா என்று கேட்டார். அத்தான், "ஆமாங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்துத் தலையணை மறுபடி மேசைக்கடிக்கு வந்தது. சித்தி தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வரைபலகையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். என்ன நடந்தது, எத்தனை டிகிரி இருந்தது, அவளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.

"பார்வையாளர் நேரம் அஞ்சு மணி" என்றாள் சுண்டு. "ஒருத்தர் ஒருத்தரா வரணும். பென்சில் கொண்டு வரக்கூடாது."

சித்தி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். சுண்டு அவளுடைய காதோரத்தையும் கொண்டையையும் சோதித்தாள். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. அதைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தாள்.

மேசைக்கடியில் பெரியவர்கள் உட்கார முடியாது. கழுத்தை மடக்கி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து ஒருவழியாக ஒடுங்கினாள். இத்தனை மாதம் வெளியிலிருந்து வரைந்தவளுக்கு உள்ளே இவ்வளவு புழுக்கம் என்று தெரிந்திருக்கவில்லை. தலையணையில் இன்னும் அக்காவின் எண்ணெய் வாசனை இருந்தது.

"இன்னிக்கு ரொம்ப முடியல" என்றாள் சுண்டு, தாழ்ந்த குரலில்.

"மாத்திரை குடுத்தியா?"

"எல்லாம் நேரத்துக்குக் குடுத்தாச்சு. டாக்டரும் நல்லாத்தான் பாத்தாங்க. ஆனா சரியாகாது." துண்டை இழுத்துச் சரிசெய்தாள். "ஏதாவது பேசணும்னா பேசு. நான் காதப் பொத்திக்கறேன்."

நிஜமாகவே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

சித்திக்கு வெட்கமாக இருந்தது. தலையணையிடம் என்ன பேசுவது? கையை எடுத்து நீலக் கட்டத்தின் மேல் வைத்தாள்.

"அக்கா, நான்தான். வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல அன்னிக்கு. பயந்துட்டேன்." அதற்கு மேல் அழுகைதான் வந்தது. "உம்பொண்ணத் தனியா விட்டுட்டேன். பக்கத்துலயே உக்காந்துட்டுத் தனியா விட்டுட்டேன்."

அப்படி அழுதுகொண்டிருக்கும்போதே அவள் கண், விரிப்பின் விளிம்பு வழியாக வரும் வெளிச்சம் குழந்தையின் பின்கழுத்தில் விழுவதைப் பார்த்தது. மஞ்சளில் ஒரு துளி சிவப்புக் கலக்க வேண்டும் என்று எங்கோ கணக்குப் போட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இந்தப் புத்தி சாகும்வரைக்கும் தன்னை விடாது என்று அப்போது தெரிந்தது. அந்தப் படத்தை அவள் வரையவில்லை. ஆனால் இன்றைக்கும் கேட்டால் அந்த நிறத்தை அவளால் சரியாகச் சொல்ல முடியும். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சுண்டு அவள் முதுகைத் தட்டினாள். "நேரம் முடிஞ்சுது."

வெளியே அத்தான் வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் சம்மணமிட்டுக் காத்திருந்தார். சித்தி தவழ்ந்து வெளியே வந்து, அவருக்காக விரிப்பைத் தூக்கிப் பிடித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண்காட்சிக்குப் பிறகு அவர் அவளை நேராகப் பார்த்தது அதுதான் முதல்முறை. குனிந்து, அந்தப் பெரிய உடம்பை மடக்கி உள்ளே போனார். ஒரு கால் கடைசிவரை வெளியேதான் இருந்தது.

விரிப்பு விழுந்தது. உள்ளே சுண்டு என்னவோ சொன்னாள். அத்தான் என்னவோ கேட்டார். சித்தி சமையலறைக்குப் போனாள். அங்கிருந்தும் பேச்சுக் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி ஒருமுறை கழுவ ஆரம்பித்தாள்.